ஒட்டும் முன் முள்ளைத் தேடுங்கள்

ஜெயங்கொண்டத்தைச் சுற்றி மலை கிடையாது. ஆனால் கியர் சைக்கிள் வாங்கியவருக்கு இங்கே குறையொன்றுமில்லை. செம்மண் சரளை, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வண்டித் தடம், ஆண்டிமடம் பக்கம் போனால் நிழலோடு நீளும் மண்பாதை, தெற்கே கொள்ளிடக் கரை என்று எல்லாம் இருக்கிறது. இருந்தும் ஆசையாக வாங்கிய சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. விசாரித்தால் ஒரே பதில்தான் வரும்: ‘எடுத்தாலே பஞ்சர் சார்.’ அந்த ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் கட்டாயம், முந்திரிக் கிளை தாழ்ந்து வளரும், நெற்றிக்கு நேரே வரும். தண்ணீர் 2 லிட்டர். விடிவதற்குள் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்புங்கள். சித்திரை, வைகாசியில் அதற்கு மேல் ஓட்டவே கூடாது. சுண்ணாம்புக்கல் லாரி போகும் அரியலூர் சாலையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீர்கள். ஊர்ப் பாதைகளிலேயே தோப்புக்குப் போய்ச் சேர வழி இருக்கும்.

இனி முள். இங்கே டயரைக் குத்துவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சீமைக் கருவேலம். ஏரிக்கரையெல்லாம் அதுதான். விறகுக்கு வெட்டி இழுத்துப் போன தடத்திலும், வேலிக்கு முள் அடைத்த வயலோரத்திலும் காய்ந்த குச்சி சிதறிக் கிடக்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் நீளும் முள் டயரில் பாய்ந்து ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். இன்னொன்று நெருஞ்சி. மழை முடிந்து மஞ்சள் பூ பூத்துக் காய்ந்தபின், தை மாசி வாக்கில், காய் ஐந்தாகப் பிளந்து கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி இருக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் திட்டித் தீர்ப்பதும் இதே நெருஞ்சியைத்தான். பழைய உலகத்திலிருந்து அங்கே போன செடி அது. பதிலுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது சீமைக் கருவேலம்.

பஞ்சர் ஆனதும் பலர் செய்வது இதுதான்: டியூபை உருவுவது, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுவது, மாட்டிக் காற்றடிப்பது. அரை கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். ஒட்டு சரியில்லை என்று சொலூஷன் மேல் பழி போடுவார்கள். ஒட்டு சரியாகத்தான் இருக்கும். முதலில் குத்திய முள் டயருக்குள் உட்கார்ந்திருக்கும். முள்ளைக் கண்ணால் பார்க்காமல் டியூபைத் திரும்ப மாட்டாதீர்கள். இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முள்ளைத் தேடும் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. டயரை மாட்டும்போது அதன் பக்கவாட்டில் அச்சிட்ட கம்பெனிப் பெயர், செயின் பக்கமாக, சரியாக வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுங்கள். அழகுக்காக அல்ல. காட்டில் பஞ்சர் ஆனால், டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரில் அந்தப் பெயரிலிருந்து அத்தனை சாண் தள்ளித்தான் முள் இருக்கும். டியூபை உருவும்போது செயின் பக்கம் எது என்று கவனித்துப் பிடித்துக்கொண்டால் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். குழம்பிவிட்டால் பெயருக்கு வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று இரண்டு இடம். முழு டயரையும் துழாவுவதற்கு இது எவ்வளவோ மேல்.

டியூபை வழக்கத்தைவிட இருமடங்கு உப்பும்வரை காற்றடித்து, கன்னத்தருகே மெதுவாகச் சுற்றுங்கள். காற்று படும் இடம் ஓட்டை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் முள். ரிம்மை ஒட்டிய உட்பக்கம் என்றால் ஸ்போக் முனை. ரிம் டேப் விலகியிருக்கும், அதைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் போட்டாலும் போய்விடும். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு வெட்டு என்றால் முள் இல்லவே இல்லை. காற்றுக் குறைவாக வைத்துக் கல்லில் ஏற்றியிருக்கிறீர்கள்.

முள்ளின் இடம் தெரிந்ததும் டயரின் உட்புறத்தை விரலால் தடவாதீர்கள், விரல் கிழியும். கொஞ்சம் பஞ்சு அல்லது பழைய பனியன் துணியால் தடவுங்கள். முள் இருந்தால் நூல் சிக்கும். சிக்கவில்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது. சீமைக் கருவேல முள் ஒடிந்தால் அதன் நுனி ரப்பருக்குள் மறைந்திருக்கும். டயரில் பாரம் ஏறும்போது மட்டுமே உள்ளே எட்டிப் பார்க்கும். ஆகவே அந்த இடத்தில் டயரை உட்புறம் வெளியே தெரியும்படி மடக்கி அழுத்துங்கள். கறுப்பு ரப்பரில் பழுப்பாக ஒரு புள்ளி எழும். அதுதான்.

எடுப்பதற்கு ஆடு மேய்ப்பவர்கள் இடுப்பில் வைத்திருக்கும் முள்வாங்கியைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. ஊசியும் சிமிட்டாவும் சேர்ந்தே இருக்கும். சந்தையில் கிடைத்தால் ஒன்று வாங்கி சீட்டுப் பையில் போட்டுவையுங்கள். உள்ளிருந்து ஊசியால் தள்ளி, வெளிப்புறம் தலை தெரிந்ததும் பிடித்து இழுங்கள். பிறகு டயர் முழுவதும் ஒரு சுற்று துணியால் தடவுங்கள். நெருஞ்சி ஒற்றையாகக் குத்தாது. ஒன்று கிடைத்தால் இன்னும் இரண்டு இருக்கும்.

காட்டில் ஒட்டு போடாதீர்கள், மாற்று டியூப் போடுங்கள். காலை ஆறு மணிக்கு எந்தப் பஞ்சர் கடையும் திறந்திருக்காது; ஒட்டுவதை வீட்டில் நிதானமாகச் செய்யலாம். 27.5, 29 அங்குல டியூப்களை முன்கூட்டியே வாங்கிவையுங்கள், அவசரத்துக்குக் கடையில் கேட்டால் கிடைக்காது. 29 அங்குல டயரில் 27.5 டியூபை இழுத்து மாட்டி வீடு வந்து சேரலாம். ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிய்ந்துகொள்ளும். வாயால் ஊதவும் கூடாது. ஒட்டியபின் சுற்றிலும் கொஞ்சம் பவுடர் தூவினால் டியூப் டயரோடு ஒட்டாது.

பஞ்சரைக் குறைக்க ஒரு வழி உண்டு: சீலண்ட். பைக் டியூபில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு என்றால், உள்ளே இருக்கும் வால்வுப் பின்னைக் கழற்றி 100 மி.லி. அளவு ஊற்றலாம். நெருஞ்சி ஓட்டையெல்லாம் தானாக அடைபடும். சீலண்ட் ஊற்றியவர் முள்ளைப் பிடுங்கி, ஓட்டையைக் கீழே திருப்பிச் சக்கரத்தைச் சுற்றினால் போதும். ஊற்றாதவர், முள் குத்தி நிற்பதைப் பார்த்தும் காற்று இறங்கவில்லை என்றால், பிடுங்காமல் அப்படியே வீட்டுக்குத் திருப்புங்கள். நம் வெயிலில் சீலண்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். கோடைக்கு முன் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை ஊற்றுங்கள்.

காற்றை கம்ப்ரசர் வைத்த கடையில் அடிக்காதீர்கள். கல்லாக அடித்து அனுப்புவார்கள். சரளையில் சக்கரம் வழுக்கும். அளவுமானி வைத்த கால்பம்ப் ஒன்று வாங்குங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு, இரண்டு அங்குல அகல டயரில், முன்னால் 30, பின்னால் 35 பி.எஸ்.ஐ. சரியாக இருக்கும்.

முதலில் எங்கே ஓட்டுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பொன்னேரிக் கரை. சுமார் 10 கி.மீ. தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். அங்குள்ள கோயிலுக்கு மேற்கே, முதலாம் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம்தான் இந்தப் பொன்னேரி. அதன் கரை 16 மைல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டு மண்மேட்டில் சைக்கிள் ஓட்டும் வாய்ப்பு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்? மழை பெய்த மறுநாள் மட்டும் கரையில் ஏறாதீர்கள். சக்கரத் தடம் வாய்க்காலாகி மண்ணை அறுக்கும். பக்கத்திலேயே இருக்கும் மாளிகைமேட்டில் அகழாய்வு நடந்த இடங்களுக்குச் சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது.

மாசி முதல் வைகாசி வரை முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலம். தோப்புக்குள் ஆள் இருந்தால் இறங்கி, ‘இப்படிப் போகலாமா அண்ணே’ என்று கேளுங்கள். பெரும்பாலும் போகச் சொல்வார்கள், எந்தப் பக்கம் முள் வெட்டிப் போட்டிருக்கிறது என்றும் சொல்வார்கள். ஆட்டுப்பட்டி நாய் துரத்தினால் மிதித்து ஓடாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

மாற்று டியூபும் போய், ஊர் தூரம் என்றால், களத்தில் வைக்கோல் கேட்டு வாங்கி, முறுக்கி, டயருக்குள் இறுக அடைத்து மாட்டுங்கள். எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் தாங்கும். நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் ரிம் பிழைத்துக்கொள்ளும்.