கைலாயம் போறீங்களா? முதலில் காற்றைக் கவனியுங்கள்!

“கைலாயம் போலாம்னு இருக்கோமுங்க டாக்டர். மூச்சு வாங்காம இருக்க ஏதாச்சும் லேகியம் கொடுங்க.”

2020 முதல் நின்று போயிருந்த மானசரோவர் யாத்திரை 2025 ஜூனில் மறுபடி தொடங்கிய பிறகு, என் கிளினிக்கில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ரிட்டையர் ஆன தம்பதிகள்தான் அதிகம். உடம்பு தாங்குமா என்று கேட்டால் சட்டென்று பதில் வரும்: “வெள்ளிங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியிருக்கேனுங்க. இது தென்கைலாயம், அது வடகைலாயம். வேறென்னங்க வித்தியாசம்?”

வித்தியாசம் காற்றில் இருக்கிறது!

வெள்ளிங்கிரியின் ஏழாவது மலை 1,800 மீட்டருக்குள்தான். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னாட்டிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். கைலாயப் பரிக்ரமாவில் இரண்டாம் நாள் கடக்க வேண்டிய டோல்மா லா கணவாயோ சுமார் 5,630 மீட்டர். ஆனைமுடியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த உயரத்தை நம் உடம்பு ஏற்குமா என்று இங்கே இருந்தபடி சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு மலையே கிடையாது.

அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜனும் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு வேகமாகும், ரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்யும், சிவப்பணுக்கள் மெல்ல மெல்லக் கூடும். இதற்கெல்லாம் நாள் வேண்டும். இருபத்தைந்து வயது ஜிம் பையனுக்கும் அதே கணக்குத்தான். சொல்லப்போனால் அவன்தான் விறுவிறுவென்று முன்னால் ஏறிப் போய் முதலில் தலைவலியோடு படுப்பான்!

எந்த ராத்திரி எந்த உயரத்தில்?

டிராவல்ஸ்காரரிடம் ஹோட்டல் எப்படி, சாப்பாடு சைவமா என்று விசாரிக்கிறோம். முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பது. ஒரு வெள்ளைத்தாளில் தேதி, ஊர், உயரம் என்று எழுதி வாங்குங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். இது உலகம் முழுக்க மலை மருத்துவர்கள் சொல்கிற கணக்கு.

அரசு யாத்திரையில் லிபுலேக் வழி ஒன்று, சிக்கிமின் நாதுலா வழி ஒன்று. லிபுலேக் வழியில் முன்பெல்லாம் நாள்கணக்காக நடந்துதான் போனார்கள். அந்த நடையே உடம்பைப் பழக்கியது. 2020-ல் சாலை திறந்த பிறகு, 1,000 மீட்டருக்கும் கீழே இருக்கிற தார்ச்சுலாவிலிருந்து சுமார் 3,200 மீட்டர் உயர குஞ்ஜிக்கு வண்டியே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. கால்வலி மிச்சம். ஆனால் நுரையீரலுக்கு அவகாசம் குறைந்துவிட்டது. அதனால்தான் குஞ்ஜியில் நிறுத்தி உடம்பைப் பரிசோதிக்கிறார்கள். அங்கே தங்குகிற நாளை ‘வேஸ்ட்’ என்று முணுமுணுக்காதீர்கள்.

தனியார் டூரில் நேபாளம் வழியாக ஹெலிகாப்டரில் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நேபாள்கஞ்ச் சமவெளி. அங்கிருந்து சிமிகோட், ஹில்சா என்று தாவி, ஒன்றிரண்டு நாளில் 4,000 மீட்டர் பக்கம் போய்விடலாம். ‘எட்டே நாளில் கைலாய தரிசனம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், எனக்கு அது சலுகையாகத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பத்தாயிரம் கூடுதலானாலும் இரண்டு நாள் அதிகம் தங்குகிற டூரைத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் நெருக்கிப் போடாதீர்கள். 2018 ஜூலையில் மோசமான வானிலையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் சிமிகோட், ஹில்சா பக்கம் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். 1998 ஆகஸ்டில் மால்பாவில் சரிந்த மலை யாத்திரிகர்கள் உட்பட 200-க்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கியது. யாத்திரைக் காலமும் அங்கே மழைக்காலமும் ஒன்றுதான்.

வீட்டிலிருந்தே தயாராவது

அரசு யாத்திரைக்கு வயது 18 முதல் 70 வரை. உடல் எடைக் குறியீடு 25-க்குள் இருக்க வேண்டும். அதாவது ஐந்தடி ஐந்தங்குலம் உயரமுள்ளவர் சுமார் 68 கிலோவைத் தாண்டக்கூடாது. தனியார் டூரில் இந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், நீங்களாகவே அதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ரேஸ்கோர்ஸில் பேசிக்கொண்டே சுற்றுகிற வாக்கிங் போதாது. வாரம் மூன்று நாள் மருதமலைப் படியோ, அபார்ட்மென்ட் மாடிப்படியோ ஏறி இறங்குங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து முதுகில் மூன்று, நான்கு கிலோ பை. வாரக் கடைசியில் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து நடங்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. பிப்ரவரி முதல் மே வரை வெள்ளிங்கிரி திறந்திருக்கும்போது ஒருமுறை ஏறிப் பாருங்கள். முழங்கால் தாங்குமா, ஷூ கடிக்குமா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே ஈ.சி.ஜி., ட்ரெட்மில் பரிசோதனை, பி.பி., சுகர், ஹீமோகுளோபின் பார்த்திருக்க வேண்டும். 2024-ல் வெள்ளிங்கிரி ஏறியவர்களிலேயே சிலர் வழியில் உயிர்விட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பெண்கள் ஹீமோகுளோபினை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. சோகை இருந்தால் ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். கடைசி வாரத்தில் பேரீச்சம்பழம் தின்று பயனில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே குளிரில் மருந்து உறைந்துவிடும். உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

லேகியம் என்ன ஆச்சு?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். முப்பது வருஷமாகச் சூரணமும் லேகியமும் கொடுத்து வருகிறேன். ஆனாலும் உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் என்று சொல்லி எந்த மருந்தும் தர எனக்கு மனசு வராது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு பசியைத் தூண்டும், சளியைக் கரைக்கும். சுக்குமல்லிக் காபி குளிருக்கு இதம். அதற்காகக் கொண்டு போங்கள். பச்சைக் கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்தது போல இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளி கூடாது. தவறியும் அதை விழுங்கிவிடாதீர்கள், விஷம். பிராணாயாமம் மூச்சை ஒழுங்குபடுத்தும், வீட்டில் தினமும் செய்யுங்கள். மலைமேல் மூச்சை அடக்கும் கும்பகம் மட்டும் வேண்டாம்.

அலோபதியில் இதற்கு அசெட்டாசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது. சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கிப் போடக்கூடாது. தூக்க மாத்திரை, மது இரண்டும் அங்கே கூடவே கூடாது.

உயரத்தில் பசி போய்விடும். மானசரோவர்க் கரையில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி சரியாக வேகாது. பொட்டுக்கடலை மாவு, ராகி மாவு, கடலை மிட்டாய், நார்த்தங்காய் ஊறுகாய் கைவசம் இருக்கட்டும். விரதம் வேண்டாமே! ஈரத்துணியோடு காற்றில் நிற்பதும் வேண்டாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

எப்போது திரும்ப வேண்டும்?

தலைவலியோடு குமட்டல், கிறுகிறுப்பு, அசதி இருந்தால் அன்றைக்கு மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுகிறது, இருமலில் நுரை வருகிறது, கோடு போட்டாற்போல நேராக நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக்கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும்வரை தாங்குவதற்கு. ‘அதை வைத்துக்கொண்டு கணவாயைத் தாண்டிவிடலாம்’ என்று கணக்குப் போடுவது ஆபத்து.

சிக்கல் என்னவென்றால், நோயாளி சொல்ல மாட்டார். “ரெண்டு லட்சம் கட்டியாச்சு, வேண்டுதல் வேற” என்று மறைப்பார். அதனால் புறப்படும் முன்பே தம்பதிகள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் ‘போதும்’ என்றால் மற்றவர் மறுக்கக்கூடாது, இறங்குகிறவரைத் தனியாக விடக்கூடாது. கைலாயத்தின் தெற்கு முகத்தை டார்சென் பக்கமிருந்தே பார்க்கலாம். வடக்கு முகம் முதல் நாள் தங்கும் திராபுக்கிலேயே முழுதாகத் தெரியும். கணவாய் ஏறவில்லை என்பதால் தரிசனம் எங்கும் போய்விடாது.

“நாங்க குதிரை பேசிக்குவோமுங்க” என்பவர்களுக்கு: குதிரைமேல் உட்கார்ந்திருந்தாலும் உயரம் உயரம்தான், அதே காற்றுத்தான். அதோடு டோல்மா லாவிலிருந்து கௌரி குண்டம் பக்கம் இறங்கும் செங்குத்துப் பாதையில் குதிரை ஆளைச் சுமக்காது. எல்லோரும் கல்லில் கால் வைத்து நடந்துதான் இறங்க வேண்டும். வெள்ளிங்கிரியில் ஏறுவதைவிட, மூங்கில் தடியை ஊன்றி நிதானமாக இறங்கிப் பழகுங்கள். அந்தப் பழக்கம் அங்கே உதவும்.