வடிவமும் படித்திறனும்: மகாவலி நீர் தரும் பாடம்

கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே உள்ள அணையிலிருந்து, 1976 ஆம் ஆண்டு முதல் நீரின் ஒரு பகுதி சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியே உக்குவெல மின்நிலையத்தை அடைகின்றது. நீர் சுவருடன் உராயும்போது சக்தி இழக்கப்படும். இழந்த சக்தியிலிருந்து மின் பெற முடியாது. எனவே பாதையின் வடிவம் முக்கியமானது. இதனை எளிய வாய்க்கால் ஒன்றைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

உதாரணம்
செவ்வக வாய்க்கால் ஒன்றில் நீரின் குறுக்குவெட்டுப் பரப்பளவு 8 சதுர மீற்றர். உராய்வைக் குறைக்க, நனையும் நீளம் இழிவாதல் வேண்டும்.

அகலம் = 8 ÷ ஆழம்
நனையும் நீளம் = அகலம் + (2 × ஆழம்)

ஆழம் (மீற்றர்): 1, 1.6, 2, 2.5, 4
அகலம் (மீற்றர்): 8, 5, 4, 3.2, 2
நனையும் நீளம் (மீற்றர்): 10, 8.2, 8, 8.2, 10

அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் நேர்கோடுகளின் படித்திறன்கள்: −3, −0.5, +0.4, +1.2.

படித்திறன் மறை எனின் ஆழத்தைக் கூட்டுக; நேர் எனின் குறைக்க. குறி மாறும் இடத்தில் வரைபின் திரும்பற் புள்ளி உள்ளது. இங்கு ஆழம் 2 மீற்றர், அகலம் 4 மீற்றர் ஆகும்போது இழிவுப் பெறுமானம் 8 மீற்றர்.

கவனிக்க
1. படி பெரிதானால் இழிவைத் தாண்டிவிடுவோம். ஆழம் 1 இலிருந்து நேரே 4 இற்குச் சென்றால் மீண்டும் 10 மீற்றரே கிடைக்கும்.
2. ஹந்தானை மலையில் மூடுபனியில் சரிவை மட்டும் பார்த்து இறங்குபவர், பள்ளத்தாக்கை அடையாமல் இடையிலுள்ள சிறு குழியில் நின்றுவிடலாம். சிக்கலான வரைபுகளிலும் இவ்வாறு நிகழும்.

கணினியில்
பொறியியலாளர் நீரோ காற்றோ பாயும் இடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணிப்பர். விமானச் சிறகின் வடிவத்தை நூற்றுக்கணக்கான அளவுகள் தீர்மானிக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தால் அத்தனை கணிப்புகள் தேவை. இணைமுறை எனப்படும் முறையோ எல்லாப் படித்திறன்களையும் ஏறத்தாழ ஒரு மேலதிகக் கணிப்பின் செலவில் தருகின்றது. சிறகு வடிவமைப்பில் இதனைக் கையாளும் வழியை அன்டனி ஜேம்சன் 1988 இல் வெளியிட்டார். ஆயினும் அடிப்படை நீங்கள் கற்ற படித்திறனே.

பயிற்சி
பரப்பளவு 18 சதுர மீற்றர் எனின், ஆழம் 2, 3, 4.5 மீற்றராகும்போது நனையும் நீளங்களைக் காண்க. இவற்றுள் சிறந்த ஆழம் எது? படித்திறன்களின் குறியைக் கொண்டு காரணம் கூறுக.

விடை: 13, 12, 13 மீற்றர். சிறந்த ஆழம் 3 மீற்றர். படித்திறன் −1 இலிருந்து நேர்ப் பெறுமானத்திற்கு மாறுகின்றது.