தொழில் பயிற்சிப் பாடம்: நுரை வார்த்துத் தூண்டில் தவளை செய்வது



விரால் மீன் காற்றை நேரடியாகச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும். தண்ணீர் மேல் துள்ளும் தவளையைப் பார்த்தால் பாய்ந்து கவ்வும். அதனால்தான் சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் போலித் தவளையைத் தேடுகிறார்கள். இதை நாமே செய்ய முடியுமா?

கார் சீட் மெத்தை மாதிரியே, இரண்டு திரவங்களைக் கலந்தால் நுரை பொங்கும். ஆனால் தவளைக்குக் கெட்டியாக இறுகும் வகைதான் வேண்டும்.

செய்முறை

1. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை நன்றாகக் காய வைத்து மெழுகு பூசவும். ஈரம் இருந்தால் நுரை கெடும்.

2. முள்ளைக் கோர்த்த கம்பியை அச்சின் முழு நீளத்துக்கும் வைக்கவும். நுரை மட்டும் விராலின் இழுப்பைத் தாங்காது. முள் மேல்நோக்கி இருந்தால் பாசியில் சிக்காது.

3. அச்சில் உலர்ந்த மணலை நிரப்பி அளந்து பாருங்கள். மணல் 40 மி.லி., நுரை 8 மடங்கு பொங்கும் என்றால், திரவம் மொத்தம் 5 மி.லி. போதும். கலவை விகிதத்தை டப்பாவில் பார்க்கவும்.

4. வேகமாகக் கலக்கி ஊற்றி மூடவும். காற்றுப் போக சிறு துளை வேண்டும். இறுகியதும் உப்புக் காகிதத்தால் தேய்த்து, பெயிண்ட், வார்னிஷ் அடிக்கவும்.

கவனம்! கவனம்!

திரவங்களில் ஒன்று ஐசோசயனேட் வகை. 1984-ல் போபாலில் கசிந்ததும் இந்தக் குடும்பத்து ரசாயனம்தான். இது அதே பொருள் அல்ல, அவ்வளவு எளிதில் ஆவியாவதும் இல்லை. ஆனாலும் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலே மூச்சுத் திணறும். முந்தானையோ துணி முகக்கவசமோ இதைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான முகக்கவசம், கையுறை, கண்ணாடி அவசியம். சமையலறையில் செய்யவே கூடாது. திறந்த வெளியில் செய்யவும். கர்ப்பிணிகள், குழந்தைகள், இளைப்பு உள்ளவர்கள் பக்கத்தில் வர வேண்டாம். எடைக்கு ஈயம் உருக்காதீர்கள். இரும்பு நட்டு போதும்.

கணக்கு

20 தவளைக்கு 1,200 ரூபாய் செலவு, 4 வீணாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடக்கம் 60 ரூபாய் அல்ல. 1,200-ஐ 16-ஆல் வகுத்தால் 75 ரூபாய். நம் கூலியையும் இதில் சேர்க்க வேண்டும். பாதுகாப்புப் பொருளும் செலவுதான்.

குழுவில் பேசுங்கள்

• யாரிடம் விற்போம்? தூண்டில் கடைக்காரர் என்ன விலை தருவார்?
• வேலை செய்ய வீட்டுக்கு வெளியே இடம் இருக்கிறதா?
• பாதுகாப்புப் பொருள் வாங்கியாகிவிட்டதா?

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கடனுக்குத் தீர்மானம் எழுதுங்கள். முதலில் பத்து செய்து ஏரியில் போட்டுப் பாருங்கள். மூச்சை அடகு வைத்து வரும் வருமானம் நமக்கு வேண்டாம், சகோதரிகளே!