பீர்மேட்டில் ஆங்கிலம் எடுக்கப் போகிறவருக்கு



பீர்மேட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கப் போகிறீர்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று பாடத்திட்டம் நான்காக வகுத்துத் தரும். கால அட்டவணையும் அப்படியே பிரியும். அந்தப் பிரிவினையை நம்பிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் முன்னால் உட்காரப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் தேயிலை எஸ்டேட்டுகளின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிறவர்கள். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின; தோட்டங்களில் தமிழ் அப்படியே நின்றது. தமிழ் வழியில் பள்ளி முடித்து, கடைத்தெருவில் மலையாளம் பேசி, கல்லூரிக்கு வந்து ஆங்கிலத்தில் தேர்வெழுதுகிற பிள்ளைகள் இவர்கள். இன்னொரு மொழியில் புழங்குவது இவர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனாலும் ஆங்கிலம் பேசத் தயங்குவார்கள். கூச்சத்தைப் போக்கினால் பேசிவிடுவார்கள் என்பார்கள் பலர். என் கணக்கு வேறு: புரிந்து வாசித்த, புரிந்து கேட்ட ஆங்கிலம் அவர்களிடம் மிகக் குறைவு. உள்ளே சேராதது வெளியே எப்படி வரும்?

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு மணி நேரம் முழுவதையும் பேச்சுக்கே கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் இருந்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அந்த வகுப்பின் மாணவி ஒருத்தி நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் தினம் 20 நிமிடம் வாசித்தால் 2,000 சொல்; ஆண்டில் 150 நாள் வாசித்தாலே 3 லட்சம். இது வெறும் காகிதக் கணக்கல்ல. 1980-களின் தொடக்கத்தில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்து, இலக்கணப் பயிற்சியைக் குறைத்துப் பிள்ளைகளை வாசிக்க விட்டார்கள். வழக்கமான பாடம் படித்தவர்களைவிட அவர்கள் வாசிப்பிலும் கேட்டுப் புரிவதிலும் முந்தினார்கள். இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் அந்த முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் சிறுவர்கள், நம்முடையவர்கள் பதினெட்டு வயதினர் என்று நீங்கள் சொல்லலாம். வயது தடையில்லை, ரோஷம்தான் தடை. எளிய ஆங்கிலத்தில் சுருக்கிய நாவலைக் கையில் கொடுத்தால் 'இது குழந்தைப் புத்தகம்' என்று முகம் சுளிப்பார்கள். பக்கத்துக்கு இருபது தெரியாத சொல் உள்ள புத்தகத்தை யாராலும் வாசிக்க முடியாது, அகராதி புரட்டத்தான் முடியும் என்பதை அவர்களிடமே பக்கம் எண்ணச் சொல்லிக் காட்டுங்கள்.

ஆனால் வாசித்துக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது. கனடாவில் பிரெஞ்சு வழியிலேயே பல ஆண்டுகள் படித்த ஆங்கிலப் பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் ஆராய்ந்தார். பிரெஞ்சைக் கேட்டுப் புரிவதில் அவர்கள் தேர்ந்திருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீங்கவில்லை. சொல்ல நினைத்ததைச் சரியாகச் சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்குப் போதுமான அளவு வரவில்லை என்று 1985-ல் அவர் எழுதினார். அந்த நெருக்கடியை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை. அதற்கான பொருள் பீர்மேட்டில் கொட்டிக் கிடக்கிறது. தேயிலை எப்படித் தூளாகிறது என்று எழுதச் சொல்லுங்கள். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது, தரம் பிரிப்பது என்று படிகள் வரிசையாக வரும். ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலில் இது பற்றிய எளிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வாசிக்கட்டும். பிறகு வீட்டில் அம்மாவிடம் தமிழில் கேட்டு வரட்டும்: மழைக்காலக் கொழுந்து வாட எவ்வளவு நேரமாகும், கவாத்து முடிந்த செடி எப்போது மறுபடி கொழுந்து தரும் என்று. அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, லயம் என்றால் என்னவென்றே அறியாத கீழே சங்கனாசேரியிலிருந்து வந்த மாணவனுக்குச் சொல்லட்டும். அவன் புரியாத இடத்தில் ஆங்கிலத்தில் குறுக்கே கேட்கட்டும். பிறகு கேட்டவன் அந்தப் பக்கத்தை வாங்கி, வேறு நிறத்தில் திருத்தி, எழுதியவளிடம் திருப்பிக் கொடுக்கட்டும். நான்கு திறனும் ஒரே வேலைக்குள் வந்துவிட்டன, இல்லையா?

'ஆங்கில வகுப்பில் தமிழா?' என்று துறைத்தலைவர் கேட்கக்கூடும். ஒரு மொழியில் ஒரு பொருளைப் பற்றிச் சிந்திக்கக் கற்றது அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் நாற்பது ஆண்டுக்கு மேலாக வாதித்து வந்திருக்கிறார். அன்றாடப் பேச்சு ஓரிரு ஆண்டில் வரும், பாடத்துக்குரிய மொழி வர ஐந்தாண்டுக்கு மேலும் ஆகும் என்பதும் அவர் சொன்னதே. இன்னொன்றையும் பாருங்கள்: நம் வகுப்புகளில் கடினமான ஆங்கில வாக்கியம் வந்தால் உடனே மலையாளத்தில் விளக்கம் வந்துவிடுகிறது. ஆக, தாய்மொழி ஏற்கெனவே வகுப்புக்குள் இருக்கிறது. யாருடைய தாய்மொழி என்பதுதான் கேள்வி. அதற்காகத் தமிழுக்கு அளவில்லாத இடம் கொடுக்கச் சொல்லவில்லை. யோசிக்கவும் விவரம் திரட்டவும் தமிழ். எழுதும்போதும் சொல்லும்போதும் ஆங்கிலம் மட்டுமே.

இதைவிட வலுவான மறுப்பு வேலைவாய்ப்புத் தரப்பிலிருந்து வரும். நேர்முகத் தேர்வில் கேட்பது பேச்சைத்தானே, ஆண்டுக்கு 3 லட்சம் சொல் வாசிக்க நேரமேது என்பார்கள். தன்னைப் பற்றி மனப்பாடம் செய்த பத்து வாக்கியம் முதல் கேள்வியைத் தாண்டும். 'அந்த பிராஜெக்ட்டில் நீ என்ன செய்தாய்?' என்ற இரண்டாம் கேள்வியில் நின்றுவிடும். காரணத்தை அடுக்கி, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய இடம் அது. அந்த வாக்கிய அமைப்புகள் வாசிப்பில்தான் கண்ணில் படும், எழுத்தில்தான் கைக்கு வரும். செய்ததை எழுதிப் பழகியவளுக்குச் சொல்ல ஏதோ இருக்கும்; உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறினாலும் கேட்கிறவர் காத்திருப்பார். பேச்சுப் பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை வாசித்ததன் மேலும் எழுதியதன் மேலும் வையுங்கள்.

திருத்தத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள். அறுபது நோட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பாக்கினால் உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் போகும், அவர்கள் எழுதுகிற ஆசையும் போகும். முதல் மாதம் வினையின் காலத்தை மட்டும் தொடுங்கள். ஒருமை பன்மை அடுத்த மாதம் வரட்டும். முன்னிடைச் சொற்களை இரண்டாம் பருவம் வரை விட்டுவைக்கலாம்.