கும்மியில் சேராதவள்

வண்டியூரில் முளைப்பாரி போட்ட நாட்களில், ராத்திரி கும்மிச் சத்தம் கேட்டதும் பெண்கள் வட்டம் கட்டிவிடுவார்கள். சுவரோரம் நின்று பார்க்கிற ஒருத்தியும் இருப்பாள். “அவ யாரோடயும் ஒட்டமாட்டா” என்று யாராவது சொல்வார்கள். இன்று அந்தப் பேச்சுக்கு உளவியல் பெயரும் கிடைத்திருக்கிறது: ‘விலகும் பிணைப்பு’. சுவரோரம் நிற்கிறவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: கூடி ஆடத் தயங்குபவர் நெருக்கத்துக்கு அஞ்சுபவர்.

உண்மை: பயமோ வருத்தமோ வரும்போது யாரைத் தேடுகிறோம், தேடிப் போன இடத்தில் மனம் ஆறுகிறதா என்பதைப் பற்றியது பிணைப்பு. ஜான் பௌல்பி வகுத்த கோட்பாடு இது. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீட்டுக்கே போய்ப் பார்த்தவர். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில், தாயைச் சற்று நேரம் அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தார். தாயிடம் ஒட்டி, ஆறி, மறுபடி பொம்மையிடம் போகிற குழந்தையைப் பாதுகாப்பான பிணைப்புடையது என்றார். ஆக, விளையாட்டுக்கும் பிணைப்புக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஆடாமல் நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். மூட்டு வலிக்கலாம். வாக்கப்பட்டு வந்தவளுக்கு இந்த ஊர்ப் பாட்டின் அடி பிடிபடாமல் இருக்கலாம். கணவனை இழந்தவளை மங்கல காரியங்களில் ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவளைக் கூப்பிடாமலே இருந்துவிட்டு, அவள் ஒட்டவில்லை என்று சொல்வது பெரிய அநியாயம்.

நம்பிக்கை: துள்ளி ஆடுகிறவர் உறவிலும் உறுதியானவர்.

உண்மை: கும்மியில் குனிவதும் நிமிர்வதும் கைதட்டுவதும் முன்பே தீர்மானமானவை. மனதைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே எல்லாரோடும் இருந்துவிடலாம். நெருக்கம் கூச்சமாக இருப்பவருக்கு இது எவ்வளவோ ஆறுதல். அவர் மிக அழகாகவே ஆடக்கூடும். அடி தவறும்போது நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னல் கோலாட்டத்தில் ஒருவர் பிசகினால் மேலே கட்டிய கயிறு அத்தனையும் சிக்கிக்கொள்ளும். அப்போது ஒருத்தி சிரித்துக்கொண்டே சிக்கெடுப்பாள். இன்னொருத்தி எல்லார் முகத்தையும் பார்த்துப் பார்த்து மன்னிப்புக் கேட்பாள். மற்றொருத்தி கயிற்றை விட்டுவிட்டு வெளியே போவாள். வண்டியூர்த் தெப்பக்குளம் வறண்டு கிடந்த ஆண்டுகளில் அதற்குள் கிரிக்கெட் ஆடிய தலைமுறைக்கும் இது தெரியும். ‘அவுட்’ தகராறில் மட்டையோடு வீட்டுக்குப் போனவன் மறுநாள் எப்படித் திரும்பி வந்தான், மற்றவர்கள் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்? உறவைப் பற்றி அது நிறையவே சொல்லும். அதுவும் ஒருநாள் பார்த்துச் சொல்லிவிடக் கூடியதில்லை.

நம்பிக்கை: நான்கு கேள்விக்குப் பதில் சொன்னால் நாம் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

உண்மை: 1987-இல் உளவியலாளர்கள் ஹேசனும் ஷேவரும் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் கேள்வித்தாள் வெளியிட்டு, பெரியவர்களின் காதலை மூன்று வகையாகப் பார்த்தார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதை விட்டு, பதற்றம் எவ்வளவு, விலகல் எவ்வளவு என்று இரண்டு அளவுகோல்களில் பார்க்கிறார்கள். கணவரிடம் ஒரு மாதிரியும் தோழியிடம் வேறு மாதிரியும் இருப்பவர்கள் நிறையப் பேர்.

நம்பிக்கை: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

உண்மை: பிணைப்பு விஷயத்தில் இந்தப் பழமொழி பாதிதான் சரி. சிறு வயதின் தடம் இருக்கும். நம்பத்தக்க ஒரு துணையோ தோழியோ வாய்த்தால் பெரியவர்களான பிறகும் அது மாறக்கூடும். ஒரே தாளத்துக்குச் சேர்ந்து அசைகிறவர்களிடையே ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் கூடுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதற்காக, ஒரு ராத்திரிக் கும்மி ஆயுள்காலப் பயத்தைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சுவரோரம் நிற்கிறவளைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விடுவதில் எனக்குச் சம்மதமும் இல்லை. கும்மி கொட்டிப் பழகிய பெரியவர்கள் அப்படி இழுப்பதில்லை. “பாட்ட மட்டும் வாங்கிப் பாடுத்தா” என்பார்கள். வட்டம் சுற்றி அவள் பக்கம் வரும்போது, பாட்டை நிறுத்தாமலே ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத் தள்ளி ஆடுவார்கள்.