கிளிநொச்சியில் காணி வாங்கி வீடு கட்ட எண்ணுவோர் கவனத்திற்கு

எரேமியா இறைவாக்கினர் காணி வாங்கிய கதையை நம்மிற் பலர் கேட்டிருப்போம் (எரேமியா 32). பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. அவரோ காவலில் இருந்தார். அந்த வேளையில் உறவினன் ஒருவன் வந்து, தன் ஊர் நிலத்தை வாங்கும்படி கேட்டான். அவர் 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினார். அவருடைய நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டுள்ளோம். அவர் செய்த எழுத்து வேலையைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. உறுதி எழுதப்பட்டது. சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றும் நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன.

நாம் அறிந்த ஒரு குடும்பத்துக்கு இப்படிச் செய்யத் தோன்றவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடம் மாறி, கடைசியாகக் கிளிநொச்சியில் இரண்டு ஏக்கர் வாங்கினார்கள். நகையெல்லாம் விற்ற காசு. "நாங்கள் எல்லாம் ஒரே சனம், தாள் என்னத்துக்கு அண்ணை?" என்றார் விற்றவர். கொப்பித் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சி வைத்தார்கள். கிணறு வெட்டித் தென்னையும் வைத்தார்கள். தென்னை காய்க்கும் வேளையில் விற்றவரின் மகன் வந்து நின்றான். அது அனுமதிப்பத்திரக் காணி. பின்னுரித்தாளியாக அவனுடைய பெயரே பதியப்பட்டிருந்தது. வாங்கியவர்களின் பெயர் பதிவேட்டில் எங்கும் இல்லை.

இதற்குக் காரணம் கிளிநொச்சியின் வரலாற்றிலேயே இருக்கிறது. இரணைமடுக் குளம் 1920 இல் கட்டி முடிந்தது. 1930களில் இருந்து குடியேற்றத் திட்டங்கள் வந்தன. ஆகவே இங்கு பெருமளவு காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பரம்பரை உறுதிக் காணியில் வாழ்ந்து பழகிய எமக்கு இந்த வேறுபாடு இலகுவில் பிடிபடுவதில்லை. அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ உள்ள காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அக்கைமாற்றம் செல்லாது. விரும்பியபடி துண்டாடவும் முடியாது. எனவே விலை பேச முன்னர், "இது உறுதிக் காணியா, பேர்மிற் காணியா?" என்று கேளுங்கள். பிறகு பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் போய்க் கேளுங்கள்.

ஏற்கெனவே கைத்துண்டில் வாங்கிக் குடியிருப்பவர்கள் பயந்து மறைந்திருப்பதில் பயனில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பிரதேச செயலாளருக்கு விண்ணப்பியுங்கள். காணிக் கச்சேரிக்கு அழைத்தால் தவறாமற் போங்கள். வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு ஆகியவை எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள் என்பதைக் காட்டும். காணி நிச்சயம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. கேளாதவருக்குக் கிடைக்காது என்பது மட்டும் தெரியும்.

உறுதிக் காணியென்றால் வேறு கவனம் வேண்டும். 1840 ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் தோம்பு எடுத்து, ஈடு, வழக்கு ஏதும் உண்டா என்று பாருங்கள். தேசவழமைப்படி, மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. விற்பவர் ஆணாயினும் மனைவியின் ஒப்பத்தையும் கேட்டு வாங்குவது நல்லது. 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் வாங்கினால் வழக்கு வரலாம். கனடாவிலோ லண்டனிலோ இருப்பவரின் காணியை அற்றோணித் தத்துவத்தில் விற்க வருவோரும் உளர். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். அவருடன் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.

அளவிலும் ஏமாற வேண்டாம். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர், நெற்காணியில் 24 பரப்பு. நில அளவையாளரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லை நடந்து பாருங்கள்.

அடுத்தது மண். ஒரே காணியை இரண்டு முறை பார்க்க வேண்டும்: புரட்டாதியில் அயற்கிணற்றின் அடித் தண்ணீரையும், மார்கழியில் மழைவெள்ளம் நிற்கும் இடத்தையும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று அயலிலுள்ள முதியவர்களிடம் கேளுங்கள். சுவரிற் கோடு காட்டுவார்கள். பூநகரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம், அங்கு உவர் அதிகம். குளம், வாய்க்கால் ஒதுக்குகளில் வீடு போடக் கூடாது. வயலை மேடாக்கி வீடு கட்டுவதற்கு 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். அங்குள்ள வயற்பதிவு உரித்துக்குச் சான்றல்ல. காட்டோரக் காணியென்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லையையும், முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்பதையும் கேட்ட பின்னரே மண்வெட்டியைத் தொடுங்கள்.

வீட்டைப் பற்றி ஒரு சொல். 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் காசுக்கு அடங்கிய அளவில் கட்டியவர்கள் குடிபுகுந்தார்கள். அத்திவாரத்தைப் பெருப்பித்தவர்கள் பலர் கூரைக்குக் கடன்பட்டார்கள். சிலருடைய சுவர்கள் பாசி பிடித்து நின்றன. "ஒருக்காத்தான் வீடு கட்டுறது, பெரிசாக் கட்டுவம்" என்ற நினைப்பை நாம் குறை சொல்ல முடியாது. பல வருடம் கொட்டிலில் இருந்தவர்களின் ஆசை அது. ஆனால் முதலில் கிணறு, பிறகு மலசலகூடம், பிறகு இரண்டு அறையும் ஒரு குசினியும். பின்னால் ஒரு பத்தி இறக்க இடம் விட்டு அத்திவாரம் போட்டால் நெல்லு விற்ற காசில் வருடா வருடம் கூட்டலாம். பிரதேச சபையின் கட்டட அனுமதியையும் மறவாதீர்கள்.

பேர்மிற் காணி உள்ளவர்கள் பின்னுரித்தாளியைப் பெயரிட்டால் மட்டும் போதாது. அந்த நியமனம் உரியவர் உயிருடன் இருக்கும்போதே பதியப்பட வேண்டும். உறுதி தொலைந்தவர்கள் மனமுடைய வேண்டாம்: நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்க வேண்டும், உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கத்தையும் திகதியையும் நொத்தாரிசின் பெயரையும் ஒரு துண்டில் எழுதி, வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ சகோதரத்திடமோ இன்றைக்கே கொடுத்து வையுங்கள்.