தொப்பூர் ஏற்றத்தில் நின்ற வண்டி

சென்ற சித்திரையில் சேலத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். பெங்களூரிலிருந்து மாமாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் போயிருந்தோம். மறுநாள் நடுப்பகலில் திரும்புகையில், தொப்பூர்க் கணவாயின் அடிவாரத்தில் காப்பி குடிக்கக் கால் மணி நேரம் நின்றோம். பிறகு பாதி ஏற்றம்கூட ஏறியிருக்கமாட்டோம், வண்டி இருமுறை விக்கிற்று, ஓய்ந்துவிட்டது. விபத்துகளுக்குப் பெயர்போன சாலை. பின்னால் லாரிகள். உள்ளே மாமியும் இரண்டு குழந்தைகளும்.

குழந்தைகளை இறக்கி ஓரமாக உட்காரவைத்தோம். நான் இயற்பியல் முதுகலை மாணவனல்லவா? “பிளக்கில் பொறி வரவில்லை, மாமா” என்று அடித்துச் சொன்னேன். அரை மணி நேரம் பிளக்குகளைக் கழற்றி மாட்டியதுதான் மிச்சம். லாரியை ஓரங்கட்டி இறங்கி வந்தார் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவராம். “தம்பி, பிளக்கை விடுங்க. பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டேன், கை சுட்டது. அவர் ஒரு துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிற்று. பெங்களூர் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

இக்கோளாற்றை வேப்பர் லாக் என்பார்கள். நாம் ஆவித்தடை எனலாம். பெட்ரோல் ஒரே பொருளன்று; பல நீர்மங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 பாகை சென்டிகிரேடு அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். அப்படியானால் எல்லாக் கார்களும் கோடையில் நிற்கவேண்டுமே? அங்கேதான் அழுத்தம் வருகிறது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 3,000 அடி உயரமுள்ள பெங்களூரில் 97 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் தாழும். ஹெரால்டின் பம்பு எஞ்சினோடு ஒட்டி நின்று, பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே பெட்ரோல் எங்கே மிக எளிதாகக் கொதிக்குமோ, அங்கேயே வெப்பமும் சேருகிறது! குழாயில் ஆவி நிறைந்ததும், பம்பு எத்தனை முறை அடித்தாலும் ஆவி சுருங்கி விரிகிறதே ஒழிய நகர்வதில்லை. இக்காலக் கார்களில் பம்பு தொட்டிக்குள்ளேயே இருந்து, பல மடங்கு அழுத்தத்தோடு தள்ளுகிறது; அவற்றுக்கு இத்தொல்லை அரிது.

சரி, ஓடும்போது நிற்காத வண்டி காப்பிக்கு நின்ற பிறகு ஏன் நின்றது? எஞ்சினை நிறுத்தியதும் விசிறியும் நின்றது, தண்ணீர் ஓட்டமும் நின்றது. இரும்பில் தேங்கிய வெப்பம் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தச் சூட்டோடு, இரண்டாம் கியரில், எதிர்க்காற்று இல்லாமல் மலையேறினோம். பானட்டைத் திறந்து வைத்திருந்தாலே பாதி தப்பியிருக்கும். ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்குமாதலால் அது எளிய வேலையும்கூட.

இங்கிலாந்தில் 1959இல் பிறந்த டிரையம்ப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் செய்தார்கள். அதன் சட்டகத்தைக் குறுக்கி 1962இல் அங்கே வெளியிட்டதுதான் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். குளிர்நாட்டுக் கணக்கில் பிறந்தவை. இரண்டிலும் கார்புரேட்டர், புகைபோகும் குழாய்க்கு மேலேயே அமர்ந்திருக்கிறது.

ஈரத்துணி மூடநம்பிக்கையன்று. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் துணி உலர்ந்தால் கதை பழையபடியே. சூடான எஞ்சின்மேல் தண்ணீரை வாரி ஊற்றுவதோ தவறு, வார்ப்பிரும்பு வெடிக்கும்.

நிலையான வழி, சூட்டையும் பெட்ரோலையும் பிரித்து வைப்பதே. புகைக்குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் இடையே ஓர் அலுமினியத் தகடு. பெட்ரோல் குழாயைச் சூடான பகுதிகளிலிருந்து விலக்கிக் கொண்டுபோதல். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே பேக்லைட் கட்டை. கட்டை மிகத் தடித்தால் பம்பின் நெம்புகோல் போதுமான தூரம் அசையாது என்பதை மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள். ரேடியேட்டர் அடைப்பையும் இக்னிஷன் டைமிங்கையும் முதலில் பாருங்கள். டைமிங் பிந்தினால் புகைக்குழாய் மேலும் சூடேறும். தொட்டியருகே மின்பம்பு வைத்தால் உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளும், அதுவே சிறந்தது. ஆனால் அழுத்தம் மிகுந்தால் கார்புரேட்டர் வழிந்து தீப்பிடிக்கலாம். விபத்தில் தானே நிற்கும் சுவிட்சும் வேண்டும்.

இன்னொன்று: நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் தனியே 78 பாகையில் கொதித்தாலும், பெட்ரோலோடு கலந்தால் கலவை முன்னிலும் எளிதாக ஆவியாகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கிறது. சூடான புகைக்குழாய்மேல் சொட்டும் பெட்ரோலைவிட, நின்றுபோன வண்டியே மேல். குழாய்களை முதலில் மாற்றுங்கள்.

நாங்கள் தகடு அடித்தோம், குழாயை விலக்கினோம், ரப்பர் எல்லாம் புதிது. மின்பம்புக்கு மாமா இன்னும் இசையவில்லை. வைகாசியில் அதே ஏற்றத்தை, அதே நடுப்பகலில், நிற்காமல் ஏறிவிட்டோம். மாமி மட்டும் துண்டையும் ஒரு குடம் தண்ணீரையும் மடியிலேயே வைத்திருந்தார்.